பனிக்கடலில் ஒரு பருவ வேலை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வாத்தியார் ஒலிபெருக்கியைப் பிடித்தால் "நன்றாகப் படியுங்கள், ஒழுக்கமாக இருங்கள்" என்றுதான் பேசுவார் என்று எண்ணி, பின்வரிசையில் சிலர் இப்போதே தேநீர்ப் பக்கம் பார்க்கிறீர்கள். கொஞ்சம் உட்காருங்கள். இன்று நான் பேச வந்தது பனிக்கடலில் ஓடும் கப்பலைப் பற்றி, அந்தக் கப்பலில் வேலை செய்கிறவர்களைப் பற்றி.

ஏன் இந்தப் பேச்சு? ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், கைத்தொலைபேசியில் பென்குவின் பறவைகளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "சார், அந்தக் கப்பலுக்குப் போகணும்னா எவ்வளவு காசு?" தோட்டத்து வேலைக்காரர் ஒருவரின் ஓராண்டுச் சம்பளம் அப்படியே கொடுத்தாலும் அந்த டிக்கெட்டுக்குப் போதாது. ஆனால் அவனிடம் நான் சொன்னது வேறு. காசு கொடுத்துப் போகிறவர் இருக்கிறார், காசு வாங்கிக்கொண்டு போகிறவரும் இருக்கிறார். இருவரும் அதே கப்பலில்தான் போகிறார்கள் என்றேன். பையன் சிரித்துவிட்டு ஓடிவிட்டான். பெரியவர்களுக்கு அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பூகோளப் பாடத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உலக உருண்டையின் அடியில் வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் அண்டார்க்டிகா. அங்கே நிரந்தரக் குடிமக்கள் எவரும் இல்லர். விஞ்ஞானிகள் முறை வைத்து வந்து தங்குகிறார்கள். நமக்கு நவம்பர், டிசம்பர் மழைக்காலம் அல்லவா? அங்கே அது கோடை. நவம்பர் முதல் மார்ச் வரை கடல் பனி விலகி வழி விடும். அந்த ஐந்து மாதந்தான் ஒரு பருவம். தென் அமெரிக்காவின் தென்முனையில், அர்ஜென்டினா நாட்டில், உஷுவாயா என்றோர் ஊர் உண்டு. பெரும்பாலான கப்பல்கள் அங்கிருந்தே புறப்படுகின்றன. பருவம் முடிந்ததும் அதே கப்பல்களில் பல, உலகின் மறுமுனைக்கு, நார்வேயைச் சேர்ந்த சுவால்பார்டு தீவுகளுக்கும் கிரீன்லாந்துக்கும் போய்விடும். அங்கே பென்குவின் இல்லை, பனிக்கரடி உண்டு. கரையில் இறங்கும் வழிகாட்டிகள் துப்பாக்கி ஏந்தியே நடப்பார்கள்.

1966ஆம் ஆண்டு லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் சுற்றுலாப் பயணிகளை அண்டார்க்டிகாவுக்கு அழைத்துச் சென்று இத்தொழிலுக்கு வழி திறந்தார். அன்று விரல்விட்டு எண்ணும் கூட்டம். அண்மைய பருவங்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். அத்தனை பேருக்கும் சோறு வேண்டும், படுக்கை விரிக்க வேண்டும், ஈரத்துணி உலர்த்த வேண்டும், இயந்திரம் ஓட வேண்டும். இவற்றை யார் செய்வது? பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று நம்மைப் போன்ற நாடுகளின் பிள்ளைகள்தாம் பெரும்பாலும்.

நூறு இருநூறு பயணிகள் ஏறும் கப்பலில், வேலையாட்களும் பலர் இருப்பார்கள். மேல்தளத்து மாலுமிகள், இயந்திர அறைக்காரர்கள், ஹோட்டல் பகுதிக்காரர்கள், வழிகாட்டிக் குழுவினர் என்று நான்கு பிரிவு. நம் தோட்டத்தில் வெட்டுக்காடு வேறு, ஸ்டோர் வேறு, ஆபீஸ் வேறு என்று இருக்கிறதல்லவா, அப்படித்தான். வழிகாட்டிக் குழுவில் பறவை நிபுணர், பாறை நிபுணர், சரித்திரம் சொல்பவர் எல்லாரும் உண்டு. வாத்தியார் வேலை பார்த்தவர்களும் அக்குழுக்களில் சேர்கிறார்களாம். அதைப் படித்தபோது எனக்கே ஓர் ஆசை வந்தது, மறைப்பானேன்!

உஷுவாயாவை விட்டால் முதலில் வருவது டிரேக் நீரிணை. ஏறக்குறைய 800 கிலோமீட்டர் அகலம். கடக்க இரண்டு நாள். மூன்று பெருங்கடல்களின் காற்றும் தடுப்பார் இல்லாமல் வந்து மோதும் இடம். அமைதியாக இருந்தால் "டிரேக் ஏரி" என்றும், கொந்தளித்தால் "டிரேக் குலுக்கல்" என்றும் கப்பல்காரர்கள் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். குலுக்கல் நாளில் நடைவழிக் கைப்பிடிகளில் வாந்திப் பைகளைச் செருகி வைப்பார்கள். சாப்பாட்டு மேசை விரிப்பைத் தண்ணீரில் நனைத்துவிடுவார்கள். ஏன் தெரியுமா? உலர்ந்த விரிப்பில் தட்டு வழுக்கிக்கொண்டு ஓடும், ஈரத்துணியில் ஓடாது. சமையலறையிலோ அடுப்பின் மேல் கம்பி கட்டிப் பாத்திரங்களை நிறுத்தி வைப்பார்கள். கொதிக்கும் சூப்பைப் பாதிக்கு மேல் ஊற்றமாட்டார்கள்.

பயணிக்குத் தலை சுற்றினால் படுத்துக்கொள்ளலாம். அறைப் பணியாளருக்குத் தலை சுற்றினால்? ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பயணி வாந்தி எடுத்த குளியலறையைத் துடைக்க வேண்டும். இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், கப்பல் வேலை என்றதும் நம் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் பனிமலையும் மட்டுமே நினைக்கிறார்கள். அந்த வெள்ளைச் சட்டையைத் துவைப்பது யார் என்பதையும் நினைக்க வேண்டுமல்லவா?

இரண்டு நாள் கழித்துப் பனி தெரியும். அண்டார்க்டிக் தீபகற்பக் கரையில் கோடையில் அவ்வளவு கொடுங்குளிர் இல்லை. ஐஸ்பெட்டிக்குள் கையை விட்ட மாதிரி, சுழி பாகையை ஒட்டி இருக்கும். காற்று வீசினால்தான் எலும்பு வரை போகும். டிசம்பரில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம். ஆனால் வேலையாட்களின் அறைகள் பெரும்பாலும் கப்பலின் கீழ்ப்பகுதியில். ஓர் அறையில் இருவர், பல அறைகளுக்குச் சன்னலே கிடையாது. மேலே சூரியன் மறையவில்லை. கீழே கடிகாரத்தைப் பார்த்தால்தான் விடிந்தது தெரியும்.

நம் தாய்மார்கள் விடியற்காலையில் எழுந்து, பிரட்டுக்குப் போகுமுன் சோறு பொங்கிப் பிள்ளைகளைக் கிளப்புகிறார்கள். கப்பலிலும் அப்படியே. காலை எட்டு மணிக்குப் பயணிகள் கரைக்கு இறங்க வேண்டுமானால், ரொட்டி சுடுகிறவர் நடுச்சாமத்தில் மாவு பிசைந்திருப்பார். பயணிகள் ரப்பர் படகில் ஏறிப் போனதும் அறைப் பணியாளர்கள் ஓட்டமும் நடையுமாகப் படுக்கைகளை மாற்றுவார்கள். அவர்கள் திரும்பி வருமுன் சூடாக ஏதாவது குடிக்கத் தயாராக இருக்க வேண்டும். பகல் உணவு, மீண்டும் இறக்கம், இரவு உணவு. ஒரு நாளைக்குப் பத்து மணி நேர வேலை என்பது சாதாரணம். ஒப்பந்தம் முடியும்வரை முழு நாள் ஓய்வு பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஞாயிறு என்பதும் அங்கே இன்னொரு நாள்தான்.

சமையற்காரருக்கு ஒரு தனிக்கவலை உண்டு. பத்து நாள் பயணத்தில் நடுவே கடைத்தெரு கிடையாது. உஷுவாயாவில் ஏற்றிய கீரையும் பழமும் கடைசி நாள் வரை வாடாமல் காக்க வேண்டும். துறைமுகம் திரும்பும் நாள்தான் எல்லாருக்கும் மிகக் கடினமான நாள். காலையில் பழைய பயணிகள் இறங்குவார்கள். மாலையில் புதியவர்கள் ஏறுவார்கள். அந்தச் சில மணி நேரத்துக்குள் எல்லா அறையும் சுத்தமாகி, சரக்கெல்லாம் ஏறியாக வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் நம் லயத்து வீடுகள் எப்படி இருக்கும்? அப்படி ஒரு நாள், பத்து நாளைக்கு ஒருமுறை!

அந்தப் படகைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோடியாக் என்பார்கள், காற்றடைத்த படகு, ஏறக்குறைய பத்துப் பேர் உட்காரலாம். ரப்பர் படகு என்றதும் நம் வெட்டுக்காரர்கள் முகம் மலர்கிறது! வருத்தந்தான், அது நாம் சீவும் பாலில் செய்ததன்று. செயற்கைப் பொருள் பூசிய துணி. பயணியைப் படகில் ஏற்றும் மாலுமி அவர் விரலைப் பிடிக்கமாட்டார். மணிக்கட்டுக்கு மேல் முன்கையைப் பிடிப்பார், பயணியும் அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும். ஒருவர் கை நழுவினாலும் மற்றவர் பிடி நிற்கும். கப்பலும் படகும் அலையில் ஏறி இறங்கும்போது, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை அவர் அப்படிப் பிடிக்கிறார்.

கரைக்குப் போகுமுன் ஒரு சடங்கு உண்டு. எல்லாருடைய சட்டைப்பை, மடிப்பு, காலணி அடி எல்லாவற்றையும் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்வார்கள். பூட்சைக் கிருமிநாசினியில் தேய்ப்பார்கள். ஒரு புல் விதைகூடப் போகக் கூடாது. அந்தக் கண்டத்தில் இயற்கையாகப் பூக்கும் செடிவகை இரண்டே இரண்டு. அங்கே வெளியூர்ப் புல் ஒன்று வேர்விட்டால் என்ன ஆகும்? லாலாங் புல்லோடு மல்லுக்கட்டியவர்கள் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் கரையில் நூறு பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. பென்குவினுக்கு ஐந்து மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். பறவைக் காய்ச்சல் 2024ஆம் ஆண்டு தீபகற்பத்தையும் எட்டியதாக உறுதியானது; அது பரவாமல் இருக்கத் தரையில் உட்காரவும் மண்டியிடவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இத்தனைக்கும் அங்கே போலீஸ் இல்லை. 1959இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் ஒப்பந்தமும், பின்னர் 1991இல் வந்த சுற்றுச்சூழல் உடன்படிக்கையும், கப்பல் நிறுவனங்கள் தாமே கூடி வகுத்த விதிகளுந்தான் காவல்.

இதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு, மாணவர்களே. 1982இல் அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் ஐக்கிய நாடுகள் சபையில், அண்டார்க்டிகா ஒருசில நாடுகளின் சொத்தாக இருக்கலாகாது என்று குரல் எழுப்பினார். பிறகு 2011இல் மலேசியாவும் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. தேர்வில் வந்தாலும் வரலாம், குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெற்றோர்களின் மனத்தில் ஓடும் கேள்விக்கு வருகிறேன். ஆபத்து இல்லையா? உண்டு. லிண்ட்பிளாட் பனிக்கடலுக்கென்றே கட்டுவித்து 1969இல் ஓடவிட்ட சிவப்பு நிறக் கப்பல், பின்னாளில் கைமாறி "எக்ஸ்புளோரர்" என்ற பெயரில் ஓடியது. 2007 நவம்பர் 23ஆம் தேதி, தென் ஷெட்லாந்துத் தீவுகளருகே பனிக்கட்டியில் மோதித் தண்ணீர் புகுந்தது. கப்பலில் இருந்தவர்கள் 154 பேர். உயிர்காப்புப் படகுகளில் இறங்கிக் குளிரில் பல மணி நேரம் காத்திருந்தார்கள். "நோர்ட்நோர்கே" என்னும் வேறொரு கப்பல் வந்து தூக்கிக்கொண்டது. கப்பல் மூழ்கியது, ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த இருட்டில் படகை இறக்கியவர்களும், பயணிகளுக்கு வழி காட்டியவர்களும் யார்? மேசை துடைத்தவரும் படுக்கை விரித்தவரும் அவர்களில் உண்டு. கப்பலில் பரிசாரகர் என்றாலும் தீயணைக்கத் தெரிய வேண்டும், இந்தப் படகுக்கு நான் பொறுப்பு என்று அறிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அடிக்கடி மணி அடித்துப் பயிற்சி வைக்கிறார்கள்.

பழைய காலத்துப் பரிசாரகர் ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன். 1914இல் ஷாக்கிள்டன் என்னும் தலைவர் "எண்டியூரன்ஸ்" என்ற கப்பலில் தென்துருவக் கண்டத்தைக் கடக்கப் புறப்பட்டார். பெர்ஸ் பிளாக்போரோ என்ற 18 வயதுப் பையன் வேலை கேட்டான், கிடைக்கவில்லை. புவனோஸ் ஐரிஸ் துறைமுகத்தில் கள்ளத்தனமாக ஏறி ஒளிந்துகொண்டான். நடுக்கடலில் பிடிபட்டான். அவனையே பரிசாரகனாக்கினார்கள். கப்பல் பனியில் சிக்கி, 1915 நவம்பரில் மூழ்கியது. அதிலிருந்த 28 பேரும் பனிமேல் மாதக்கணக்கில் கிடந்து, சிறு படகுகளில் யானைத் தீவு என்ற பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். உதவி தேடி ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் ஒரு படகில் போனார்கள். மற்ற 22 பேர் கவிழ்த்த படகுகளின் கீழே காத்திருந்தார்கள். பையனின் இடக்கால் விரல்கள் குளிரில் அழுகின. அங்கேயே மருத்துவர்கள் அவற்றை வெட்டி எடுத்தார்கள். 1916 ஆகஸ்டு 30ஆம் தேதி சிலி நாட்டுக் கப்பல் வந்தது. 28 பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். ஷாக்கிள்டன் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்தப் பனியில் கடல்நாய்க் கொழுப்பை எரித்து எல்லாருக்கும் சமைத்துப் போட்ட சார்லஸ் கிரீன் பெயரை எத்தனை பேர் அறிவோம்? என் மதிப்பில் அவரும் துருவ வீரர்தான்.

(மாணவர்களே, ஒளிந்து ஏறிய பகுதியை மட்டும் பின்பற்றாதீர்கள்! இன்று பிடித்தால் பரிசாரகனாக்கமாட்டார்கள்.)

வேலையாள் அண்டார்க்டிகா மண்ணை மிதிக்கிறாரா? சில கப்பல்களில் கேப்டன் மனம் வைத்து, பயணிகள் திரும்பிய பின் வேலையாட்களையும் முறை போட்டுக் கரைக்கு அனுப்புகிறார். சிலவற்றில் வாய்ப்பு குறைவு. பாத்திரம் கழுவும் இடத்து வட்டச் சன்னல் வழியாகத் திமிங்கிலத்தைக் கண்டதோடு பருவம் முடிந்தவர்களும் உண்டு. இதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

இனிப் பணக் கதை. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களை உட்காரவைத்தேன். சில மாதங்களுக்கு முன் ஒரு தகப்பனார் வீட்டுக்கு வந்தார். "வாத்தியாரே, மூத்தவனுக்குக் கப்பல் வேலை வந்திருக்கு. ஏஜெண்டு முன்பணம் மூவாயிரம் வெள்ளி கேக்குறாரு. சங்கிலியை அடகு வைக்கலாம்னு வீட்டுல சொல்றாங்க. கட்டலாமா?" என்றார். கட்ட வேண்டாம் என்றேன். அவர் நம்பவில்லை. "வேலை கொடுக்கிறவனுக்குக் காசு கொடுக்காம எப்படி சார்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது வியப்பில்லை. நம் பாட்டன் பூட்டன் ராஜுலா போன்ற கப்பல்களில் தளத்தில் படுத்துப் பினாங்குக்கு வந்து இறங்கியவர்கள். கங்காணி கொடுத்த முன்பணம், கால் தரையில் படுமுன்பே கடனாக நின்றது. வேலைக்குப் போவதென்றால் கடனோடு போவது என்பது நம் ரத்தத்தில் ஊறிவிட்டது. ஆனால் கடலில் இன்று சட்டம் வேறு. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. 2013 முதல் அமலில் இருக்கிறது, மலேசியாவும் அதை ஏற்றிருக்கிறது. வேலை தேடித் தரும் முகவர் கடல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் போன்ற பயணப் பத்திரம் இவற்றின் செலவு மட்டுமே நம்முடையது. விசாச் செலவுகூடக் கப்பல்காரருடையது. சாப்பாடு இலவசம். ஒப்பந்தம் முடிந்தால் வீடு திரும்பும் டிக்கெட்டும் அவர்கள் பொறுப்பு. ஒரு நாளில் பத்து மணி நேரமாவது ஓய்வு, வாரத்தில் 77 மணி நேர ஓய்வு என்று கணக்கு இருக்கிறது. அல்லது வேலை நேரம் வாரம் 72 மணியைத் தாண்டக் கூடாது. கேப்டன் முதல் பாத்திரம் கழுவுகிறவர் வரை கப்பலில் வேலை செய்யும் எல்லாரும் இச்சட்டத்தின் கண்ணில் கடல் தொழிலாளிதான். சம்பளத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் நேரே குடும்பத்துக்கு அனுப்பவும் ஏற்பாடு கேட்கலாம்.

அந்தத் தகப்பனார் பிறகு கிள்ளான் துறைமுகத்தில் உள்ள கடல்துறை இலாகாவில் விசாரித்தார். அப்படியொரு உரிமம் பெற்ற முகவரே இல்லை என்று தெரிந்தது. சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது. பையன் இப்போது சமையற்கலை படிக்கிறான், இரண்டாண்டு ஆகும். ஆகட்டுமே.

முறையாகப் போக விரும்புகிறவர்கள் செய்ய வேண்டியது இதுதான். பதினெட்டு வயது நிரம்பட்டும். கடலில் உயிர் காத்தல், தீயணைப்பு, முதலுதவி, கப்பல் ஒழுங்கு ஆகியவை அடங்கிய அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை எடுத்துச் சான்றிதழ் பெற வேண்டும். மலாக்காவில் அகாடமி லாவுட் மலேசியா போன்ற நிலையங்களில் கடல் பயிற்சி தருகிறார்கள். மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். அதோடு கைத்தொழில் ஒன்று வேண்டும். சமையல், மின்சாரம், குழாய் வேலை, வெல்டிங், சலவை இயந்திரம் எதுவானாலும் சரி. ஆங்கிலம் பேசக் கூச்சப்படக் கூடாது. அபாய மணி அடிக்கும்போது எல்லா நாட்டாருக்கும் பொதுவாக ஒலிபெருக்கியில் வருவது அந்த மொழிதான். நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களும் கேளுங்கள்: மேல்தளத்திலும் இயந்திர அறையிலும் படகு ஓட்டுவதிலும் பெண்கள் வேலை செய்கிறார்கள்.

கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு. கப்பலின் பெயர், முதலாளியின் பெயர், சம்பளம், எத்தனை மாதம், விடுப்பு, திரும்பும் செலவு எல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். படிக்கச் சிரமமாக இருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள். செவ்வாய், வியாழன் மாலையில் பள்ளியில்தான் இருப்பேன். ஒன்றாக உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம்.